வீல் நட்டில் எண்ணெய் தடவினேன், மாமனார் திட்டுகிறார்: 110 என்றால் 110 தானே?

கேள்வி, 9 செப்டம்பர் 2024, காலை

பெரம்பூரில் இருக்கிறேன். பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் லீவுதானே என்று வீட்டு வாசலிலேயே காரின் நாலு சக்கரத்தையும் கழற்றி முன்னுக்குப் பின் மாற்றிப் போட்டேன். நட்டுகள் கழலும்போது கிறீச் கிறீச் என்று அழுததால், திரும்பப் போடும்போது, நட்டு ஏறுகிற ஸ்டட் போல்ட்டின் மரையில் கொஞ்சம் எண்ணெய் தடவினேன். டார்க் ரெஞ்ச் (வைத்த அளவு முறுக்கு வந்ததும் 'டிக்' என்கிற ஸ்பேனர்) சொந்தமாக வைத்திருக்கிறேன். காரோடு வந்த புத்தகத்தில் 110 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது, அதே 110 வைத்து 'டிக்' வந்ததும் நிறுத்தினேன். மாமனார் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பார்த்ததும் கத்த ஆரம்பித்துவிட்டார். ரெஞ்ச் 110 காட்டினால் 110 தானே, எண்ணெய் நடுவில் என்ன பண்ணும்? கூடவே இன்னொன்று, டைட் அதிகமானால் பாதுகாப்பும் அதிகம்தானே?

பதில், 9 செப்டம்பர், இரவு

மாமனார் சொன்னதுதான் சரி தம்பி. ரெஞ்ச் காட்டுகிற 110 நட்டைத் திருப்ப நீங்கள் போட்ட பலம். உங்களுக்கு வேண்டியது சக்கரத்தை, அது மாட்டுகிற ஹப்போடு சேர்த்து அழுத்துகிற பிடி. இரண்டும் வேறு வேறு, நடுவில் உராய்வு உட்கார்ந்து கமிஷன் அடிக்கிறது, அதுவும் சாதாரணக் கமிஷன் இல்லை. நீங்கள் போடுகிற 100 பங்கில் சுமார் 50 நட்டு உட்காருகிற இடத்தில் தேய்ந்தே போகும், 40 மரைக்குள் போகும், மிச்சம் 10 பங்குதான் ஸ்டட்டை இழுக்கும். எண்ணெய் விட்டால் அந்த 90 குறையும், குறைந்ததெல்லாம் இழுவைக்குப் போய்ச் சேரும். 90-இல் கொஞ்சம் குறைந்தாலே 10-க்கு அது பெரிய கூடுதல்.

கணக்கு வேண்டுமென்றால்: முறுக்கு = ஒரு உராய்வு எண் × போல்ட் விட்டம் × இழுவை. உங்கள் காரில் எம்12, அதாவது 12 மில்லிமீட்டர் விட்ட ஸ்டட் என்று வைத்துக்கொள்கிறேன். காய்ந்த மரைக்கு அந்த எண் 0.2 அளவில் இருக்கும். 110-ஐ 0.2-ஆலும் 0.012 மீட்டராலும் வகுத்தால் சுமார் 46 கிலோ நியூட்டன், அதாவது ஒரு ஸ்டட்டுக்கு 4.7 டன். எண்ணெய் போட்டால் எண் 0.15 பக்கம் இறங்கும், இழுவை 61 கிலோ நியூட்டன், 6.2 டன். ரெஞ்ச் இரண்டு தடவையும் அதே 'டிக்' தான் சொல்லும், பாவம் அதற்கு வேறு ஒன்றும் தெரியாது.

ஸ்டட் எல்லாம் நீண்டு போயிருக்கும், பதினாறையும் மாற்றிவிடுங்கள்.

10 செப்டம்பர், காலை டீக்கு முன்னால்

நேற்று கடைசி வரியை அவசரத்தில் எழுதிவிட்டேன், தூக்கம் கெட்டது. பதினாறையும் மாற்ற வேண்டாம், முதலில் கணக்குப் பாருங்கள். எம்12-இல் மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்றால் இழுவையைத் தாங்குகிற குறுக்குப் பரப்பு 88 சதுர மில்லிமீட்டர். 46 கிலோ நியூட்டனை அதில் வகுத்தால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 520 நியூட்டன் சொச்சம், 61 என்றால் 690 சொச்சம். போல்ட் தலையில் 8.8, 10.9 என்று பொறித்திருப்பார்களே, அதில் முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அறும் பலம், இரண்டாவது அதில் பத்தில் எத்தனை பங்கு வரை இழுத்தால் திரும்பிப் பழைய நீளத்துக்கு வரும் என்பது. 8.8 என்றால் 800, அதில் எட்டுப் பங்கு 640. 10.9 என்றால் 1000, அதில் ஒன்பது பங்கு 900. ஆக 10.9 ஸ்டட் என்றால் உங்கள் எண்ணெயைத் தாங்கியிருக்கும். 8.8 என்றால் எல்லை தாண்டியாச்சு. கார் சக்கர ஸ்டட்டில் 10.9 பரவலாக இருக்கிறது, ஆனால் உங்களுடையது எது என்று பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன்.

எண் பொறிக்காத போல்ட்டை வண்டியில் போடாதீர்கள், அது கதவுக்கும் ஜன்னலுக்கும்தான். புதுப்பேட்டையில் கிலோ கணக்கில் அள்ளும்போது தலையைத் திருப்பிப் பார்த்து அள்ளுங்கள். நம் சென்னைப் பாடியிலேயே 1966 முதல் சுந்தரம் ஃபாஸ்னர்ஸில் போல்ட் செய்கிறார்கள், பல கடைகளில் 'ஹைடென்சில்' (அதிக இழுவை தாங்குகிற போல்ட்) என்றாலே கடைக்காரர் கை தானாக அவர்களுடைய டிவிஎஸ் பெட்டிக்குத்தான் போகும்.

10 செப்டம்பர், மதியம்

சுருக்கமாக ஒன்று, இல்லாவிட்டால் மேலே எழுதியது எதுவும் புரியாது. போல்ட் ஒரு ஸ்பிரிங். திருப்பினால் அது நீள்கிறது, நீண்டது சுருங்கப் பார்க்கிறது, அந்தச் சுருங்கப் பார்க்கிற ஆசைதான் பிடி. எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு நீளும் என்று ராபர்ட் ஹூக் 1678-லேயே சொல்லிவிட்டார். எவ்வளவு நீள்கிறது? உங்கள் ஸ்டட்டில் இழுபடுகிற பகுதி 30 மில்லிமீட்டர் என்றால் அந்த 4.7 டன்னுக்கு அது நீள்வது 0.075 மில்லிமீட்டர். ஒரு தலைமுடி பருமன். நீங்கள் குடும்பத்தோடு ஈசிஆரில் நூறில் போகும்போது ஒவ்வொரு நட்டுக்கும் பின்னால் நிற்பது அந்தத் தலைமுடி அளவு நீளல்தான்.

12 செப்டம்பர்

"கார் எடையே ஸ்டட் மேல்தானே தொங்குகிறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. மாட்டு வண்டி அச்சாணி மாதிரி நினைக்கிறார்கள், நானும் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். அச்சாணி குறுக்கே நின்று தடுக்கும், அது ஆணி வேலை. வீல் ஸ்டட் செய்வது அமுக்கி வைக்கிற வேலை. நாலு ஸ்டட்டும் சேர்ந்து சக்கரத்தை ஹப் மேல் 184 கிலோ நியூட்டன் அழுத்துகிறது. உராய்வு 0.15 என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் சக்கரம் ஹப் மேல் வழுக்க இரண்டே முக்கால் டன் வேண்டும். சின்னக் கார் ஒன்றின் ஒரு சக்கரத்தில் நிற்பது 250, 300 கிலோ. பள்ளம், பிரேக், வளைவு எல்லாம் சேர்ந்தாலும் அந்த உராய்வே பார்த்துக்கொள்ளும், ஸ்டட்டுக்குக் குறுக்கு அடி விழாது. பிடி குறைந்தால்தான் சக்கரம் வழுக்கும், ஸ்டட் அச்சாணி வேலை பார்க்க ஆரம்பிக்கும். அந்த வேலைக்கு அது பிறக்கவில்லை, கொஞ்ச நாளில் முறியும். சக்கரம் கழன்று ஓடிய வண்டிகளில் நான் பார்த்ததில் அதிகம் நட்டு லூசாக இருந்து ஸ்டட் முறிந்தவைதான்.

15 செப்டம்பர், ஞாயிறு

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாமலே விட்டேன், டைட் அதிகமானால் நல்லதுதானே என்றது. என் சொந்தக் கதை இரண்டு.

ஒன்று, பைக் ஆயில் டிரெய்ன் போல்ட். நானே ஆயில் மாற்றுகிறேன் என்று உட்கார்ந்தேன், ஒரு சொட்டு கசிந்த மாதிரி இருந்தது, இன்னும் கால் சுற்று, அப்புறம் இன்னும் கொஞ்சம். திடீரென்று ஸ்பேனர் வெண்ணெயில் போன மாதிரி லேசானது. அந்த லேசு கைக்குத் தெரிந்த நொடியில் வயிற்றில் ஒன்று விழும் பாருங்கள், பட்டவர்களுக்குத் தெரியும். இன்ஜின் உடம்பு அலுமினியம், போல்ட் இரும்பு, சண்டையில் தோற்பது எப்போதும் அலுமினிய மரைதான். கசிந்தது டைட் பற்றாமல் இல்லை, பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டதால். புது வாஷர் ஐந்து பத்து ரூபாய். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய், ஓட்டையைப் பெரிதாக்கி, டேப் போட்டுப் புது மரை வெட்டி, உள்ளே ஹெலிகாயில் என்கிற கம்பிச் சுருள் வைத்து, அரை நாள் போனது. பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே "போல்ட்டுக்கு மரை போச்சா, உங்களுக்கு மரை கழண்டுச்சா சார்" என்றார். பதில் சொல்கிற நிலையில் நான் இல்லை.

இன்னொன்று கார். அலாய் வீல் மாட்டிய ஒரு டயர் கடையில் ஏர் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று விட்டார்கள், நானும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு மாதம் கழித்து இரவு பதினொரு மணிக்கு கூடுவாஞ்சேரி தாண்டி பங்ச்சர். ஜாக்கி, ஸ்டெப்னி எல்லாம் ரெடி, நட்டு அசையவில்லை. வண்டியோடு வந்த எல் ஸ்பேனர் மேல் மச்சான் ஏறி நின்று குதித்தார், அவர் எண்பத்தைந்து கிலோ. மூன்று நட்டு வந்தது, நாலாவதில் 'டக்' என்று ஸ்டட்டே கையோடு வந்தது. ஏர் கன் எவ்வளவு முறுக்குகிறது என்று அதைப் பிடித்திருக்கிற பையனுக்கே தெரியாது. கன்னை வைத்து நட்டை ஓட்டட்டும், கடைசி டைட்டை டார்க் ரெஞ்சில் கையால் வைக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

16 செப்டம்பர்

மேலே உள்ளதைப் படித்துவிட்டு மச்சான் போன் பண்ணினார். எண்பத்தைந்து இல்லையாம், எழுபத்தெட்டாம். திருத்திக்கொள்கிறேன். (எண்பத்தைந்துதான்.)

22 செப்டம்பர்

"ஸ்பிரிங் வாஷர் போட்டால் கழலாது, தாத்தா காலத்திலிருந்து போடுகிறோம்." போடுங்கள், நானும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த வாஷரைச் சப்பையாக்க ஆகிற பலம் போல்ட் பிடியில் ஒரு சின்னப் பங்குதான். போல்ட் முழு டைட்டுக்கு வருமுன்பே அது படுத்துவிடும், அப்புறம் சாதாரண வாஷர், அவ்வளவுதான். 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் ஒரு இயந்திரம் வைத்துச் சோதித்துக் காட்டினார். போல்ட் பிடித்திருக்கிற தகடு பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் நகர்ந்தால் நட்டு தானாகவே திரும்பிக் கழலும். நீளவாக்கில் ஆட்டினால் அந்த அளவு கழலாது. ஆக, தகடு நகரக் கூடாது. நகராமல் இருக்கப் பிடி வேண்டும், பிடிக்கு நீளல் வேண்டும், திரும்ப அந்தத் தலைமுடிக்கே வருகிறோம்.

இதில் ஒரு அழகான விஷயம். புதிதாக டைட் வைத்ததும் பரப்புகளில் இருக்கிற சின்னச் சின்ன மேடு, பெயிண்ட் எல்லாம் நசுங்கி உட்காரும். 0.01 மில்லிமீட்டர் உட்கார்ந்தது என்று வையுங்கள். 0.075 நீண்ட குட்டை ஸ்டட்டுக்கு அது 13 சதவீதம் இழப்பு. அதே அழுத்தத்தில் 100 மில்லிமீட்டர் நீள போல்ட் 0.25 நீண்டிருக்கும், அதற்கு அதே உட்காரல் 4 சதவீதம்தான். அதனால்தான் குட்டையும் தடிமனுமான போல்ட் சீக்கிரம் லூசாகும், ஒல்லியாக நீளமாக இருப்பது விசுவாசமாக இருக்கும். சில இடங்களில் போல்ட்டின் கீழே வேண்டுமென்றே ஒரு நீளக் குழாய்த்துண்டு வைத்திருப்பார்கள், பழைய மெக்கானிக் 'எதுக்கு இது' என்று தூக்கிப் போட்டுவிட்டுச் சின்ன போல்ட் மாட்டுவார். நானும் மாட்டியிருக்கிறேன்.

அலாய் வீல் போட்டால் 50, 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒரு தடவை திரும்ப டைட் பார்க்கச் சொல்வதும் இதற்குத்தான்.

29 செப்டம்பர்

ஒரு கல்லூரிப் பிள்ளை நல்ல சந்தேகம் எழுப்பியிருக்கிறார். போல்ட்டில் ஏற்கெனவே 4 டன் இழுவை இருக்கிறது, வெளியிலிருந்து இன்னும் 1 டன் இழுத்தால் 5 ஆகாதா, அப்படியானால் டைட் வைக்கிறதே போல்ட்டுக்குக் கஷ்டம்தானே?

காசிமேட்டில் மீன்காரம்மா வைத்திருந்த ஸ்பிரிங் தராசு ஞாபகம் இருக்கிறதா? கொக்கியை 10 கிலோ காட்டும்வரை கீழே இழுங்கள். கொக்கிக்கும் தராசு உடம்புக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டு கையை விடுங்கள். முள் 10-லேயே நிற்கும். இப்போது கொக்கியில் 4 கிலோ வஞ்சிரம் மாட்டுங்கள். முள் 14 காட்டாது. அதே 10 தான். மீன் எடையை ஸ்பிரிங் வாங்கவில்லை, கட்டை மேல் இருந்த அழுத்தம் 10-லிருந்து 6 ஆனது, அவ்வளவுதான். 10-ஐத் தாண்டி மாட்டினால்தான் முள் நகரும், கட்டை லூசாகும். நிஜத்தில் போல்ட்டும் ஒரு சின்னப் பங்கை வாங்கும், ஏனென்றால் கட்டையும் கொஞ்சம் அமுங்கியிருக்கும், விடுபடும்போது கொஞ்சம் நிமிரும். ஆனாலும் பெரும்பங்கு கட்டையில்தான். கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கிற தண்டு) போல்ட் நிமிஷத்துக்கு 6000 சுற்றில் விநாடிக்கு நூறு சுற்று சுற்றியும் பிழைத்திருப்பது இதனால்தான். அது டைட்டாக இருக்கும்வரை அதற்கு ஏற்ற இறக்கமே பெரிதாகத் தெரியாது. லூசாகக் கட்டின ராடு போல்ட் ஒவ்வொரு சுற்றிலும் முழு அடியையும் வாங்கும். அப்புறம் அது அறுந்து, ராடு இன்ஜினை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால் பக்கவாட்டில் ஜன்னல்தான்.

6 அக்டோபர்

இன்ஜின் மேல்பகுதியான ஹெட்டை உடம்போடு பிடிக்கிற ஹெட் போல்ட் பற்றிக் கேட்டவருக்கு. புது இன்ஜின்களில் '30 நியூட்டன் மீட்டர், அப்புறம் 90 டிகிரி, அப்புறம் இன்னொரு 90 டிகிரி' என்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். ஏன் கோணம்? உராய்வை நம்ப முடியாது என்பதால். நல்ல டார்க் ரெஞ்ச் வைத்தாலும் கிடைக்கிற இழுவை போல்ட்டுக்கு போல்ட் 30 சதவீதம்வரை ஏறி இறங்கும். ஆனால் மரை பொய் சொல்லாது. மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர் என்றால் கால் சுற்றுக்கு போல்ட் 0.31 மில்லிமீட்டர் நகர்ந்தே ஆக வேண்டும், அதில் ஒரு பங்கு ஹெட்டும் கேஸ்கட்டும் அமுங்கியதற்குப் போக மிச்சம் போல்ட் நீளல். எண்ணெயோ துருவோ அந்தக் கணக்கில் வராது. முதல் 30 எதற்கென்றால் இடைவெளியெல்லாம் போய் எல்லாம் ஒட்டி உட்காருவதற்கு.

இதில் சில போல்ட்டுகளை எல்லை தாண்டியே, அதாவது திரும்பி வராத அளவுக்கு, வேண்டுமென்றே இழுக்கிறார்கள். அந்த இடத்துக்குப் போய்விட்டால் இன்னும் கொஞ்சம் திருப்பினாலும் இழுவை அதிகம் ஏறாது, எல்லா போல்ட்டும் ஏறக்குறைய ஒரே பிடிக்கு வந்துவிடும். விலை என்னவென்றால் அந்த போல்ட் ஒரு தடவைக்குத்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் பத்து போல்ட்டுக்குக் காசு மிச்சம் பண்ணப் பழையதையே போட்டார், மூன்றாம் மாதம் சைலன்சரில் வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் தண்ணீர் நிற்கவில்லை. திரும்ப ஹெட்டை இறக்கிப் பார்த்தபோது இரண்டு போல்ட் கழுத்தில் இடுப்பு மாதிரி ஒல்லியாகியிருந்தது. புதுசையும் பழசையும் பக்கத்தில் நிறுத்தினால் கண்ணுக்கே நீள வித்தியாசம் தெரிந்தது. நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி டைட் வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், எழுதவில்லை.

7 அக்டோபர்

நேற்று எழுதியதைப் பார்த்து டார்க் ரெஞ்சே வீண் என்று ஒருவர் முடிவுக்கு வந்துவிட்டார். ஐயோ இல்லை. கை உத்தேசம் அதைவிட மோசம், அதுவும் காலையில் ஒரு கை, சாப்பிட்ட பிறகு ஒரு கை. ரெஞ்சை வாங்குங்கள், வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வையுங்கள், 'டிக்' வந்த பிறகு ஆசைக்கு இன்னொரு 'டிக்' வைக்காதீர்கள், போல்ட் கழற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள்.

15 அக்டோபர், மழை

வேளச்சேரிக்காரர்கள் எல்லாம் வெள்ளத்துக்குப் பயந்து மேம்பாலத்தில் கார் நிறுத்தியிருக்கிற படம் வந்துகொண்டே இருக்கிறது. மழை என்றதும் எனக்கு இந்த இழையின் முதல் கேள்வி ஞாபகம் வந்தது. நட்டு கிறீச் என்று அழுதது என்று தம்பி எழுதியிருக்கிறார். ஏன் அழுதது என்று நான் கேட்கவே இல்லை, ஒரு மாதமாக எண்ணெயைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

துருதான். போன டிசம்பர் வெள்ளத்தில் கார் நின்றதா என்று கேட்டேன், சக்கரம் பாதி முழுகி இரண்டு நாள் நின்றதாம். துரு ஏறிய மரையில் அந்த உராய்வு எண் 0.3-க்கே போகலாம். அதே 110, அதே 'டிக்', பிடி 30 கிலோ நியூட்டன் சொச்சம்தான், 3 டன். 4.7 வேண்டிய இடத்தில் 3. எண்ணெய் போட்டால் அதிகப் பிடி, துருவை அப்படியே விட்டால் குறைந்த பிடி, இரண்டாவதுதான் சக்கரம் கழன்று ஓடுகிற ரகம். எண்ணெய் போடாமல் துருவோடு டைட் வைத்திருந்தால் மாமனார் திட்டியிருக்கவே மாட்டார், வண்டி மட்டும் இன்னும் ஆபத்தாக இருந்திருக்கும்.

புத்தகத்தில் போட்ட 110 சுத்தமான, காய்ந்த மரைக்கு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, ஹப் முகத்திலும் துருப்பொருக்கு இருந்தால் சுரண்டி, அப்புறம் 110. துரு தின்ற நட்டு என்றால் புது நட்டு.

24 நவம்பர், ஞாயிறு

தம்பி காரோடு வீட்டுக்கே வந்துவிட்டார், மாமனாரையும் கூட்டிக்கொண்டு. பெரியவர் வாசலிலேயே கேட்ட முதல் கேள்வி: "என்ன எண்ணெய்னு அவரைக் கேட்டீங்களா?" தேங்காய் எண்ணெயாம். தலைக்குத் தடவுகிறது.

நாலு சக்கரத்தையும் இறக்கினோம். எண்ணெய் மரையோடு நிற்கவில்லை, வழிந்து நட்டின் கூம்பு முகத்துக்கும் வந்து மண்ணோடு சேர்ந்து பசையாகியிருந்தது. பாதி உராய்வு அந்த முகத்தில்தான் என்று எழுதினேனே, அங்கே வழுக்கினால் கணக்கு இன்னும் கெடும். பெட்ரோலில் துடைத்து, பிரஷ் போட்டு, ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஒரு புது நட்டை விரலால் ஓட்டிப் பார்க்கச் சொன்னார் பெரியவர். ஸ்டட் நீண்டிருந்தால் அங்கே மரை இடைவெளி விரிந்திருக்கும், நட்டு விரலுக்கு ஓடாமல் நடுவில் நிற்கும். இது எனக்குத் தெரியும், ஆனால் அன்று தோன்றவில்லை. பதினைந்தில் சர்ரென்று ஓடியது. இடது பின் சக்கரத்தில் ஒன்றில் பாதியில் நின்றது. எண்ணெய்தான் காரணம் என்றார் மாமனார். எண்ணெய் என்றால் பதினாறும்தானே போயிருக்க வேண்டும், இது ஏதோ ஒரு ஏர் கன் வேலையாக இருக்கும் என்றேன் நான். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த ஒன்றைத் தட்டி எடுத்துப் புதுசு ஏற்றி, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சுற்றில் 110 வைத்தோம். பழைய ஸ்டட்டைப் பெரியவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், மருமகனுக்கு அவ்வப்போது எடுத்துக் காட்டுவார் போலிருக்கிறது. 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒரு தடவை 'டிக்' பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

27 நவம்பர்

தகவல் வந்தது. பதினைந்து நட்டு அசையவில்லை, புது ஸ்டட்டில் இருந்த ஒன்று மட்டும் 'டிக்' வருமுன் கொஞ்சம் திரும்பியதாம்.